விலாவுக்கு ஓய்வு கிடையாது

“ஏனுங்க அம்மிணி, மூச்சப் புடிச்சுட்டு அடிக்கிறீங்க?”

போன மார்ச் மாதம் ஒரு காலையில், கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில், நான்காவது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்றுகொண்டிருந்தபோது என் கேடி, அதாவது மட்டைப் பையைச் சுமந்து கூடவே வருபவர், கேட்ட கேள்வி இது. அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. பதினொரு வருடமாக என் பையைச் சுமக்கிறார். மற்றவர்கள் முன்னால் ‘மேடம்’ என்பார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடக்கும்போது ‘அம்மிணி’. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் ஸ்விங்கில், மட்டையை நான் வீசும் விதத்தில், ஒரு விரற்கடை மாறினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“அப்படியெல்லாம் இல்லீங்கண்ணா” என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை அடித்தேன். பந்து நன்றாகத்தான் போனது. ஆனால் அவர் சொன்ன பிறகு நானும் கவனித்தேன். கிளப்பை, அதாவது மட்டையை, தூக்கத் தொடங்கும் நொடியில் என் மூச்சு தானாக நின்றுபோகிறது. இடது அக்குளுக்குக் கீழே, சற்றுப் பின்பக்கமாக, ஒரு சுருக்.

அந்த சுருக் என் ஐந்தாவது, ஆறாவது விலா எலும்புகள். அது தெரியவர இன்னும் மூன்று வாரம் ஆனது.

வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில், இதே பாதையில் நடந்துவந்த யாராவது தமிழில் நாலு வார்த்தை எழுதி வைத்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்தேன். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பம்ப் செட் செய்யும் எங்கள் குடும்பத் தொழிலில் தரச் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் கோல்ஃப் ஆடுகிறவள். இந்த இரண்டிலும் கற்றதை வைத்துத்தான் என் உடம்பில் நடந்ததைப் புரிந்துகொண்டேன்.

ஆரம்பம் ஆசைதான். எனக்கு 49 வயது. ஒரு காலத்தில் டிரைவரில், அதாவது அதிக தூரம் அடிக்கும் நீள மட்டையில், 180 கஜம் போன பந்து இப்போது 165இல் நின்றுவிடுகிறது. என்னோடு ஆடும் இளம்பெண்களின் பந்துகள் எனக்கு முப்பது கஜம் முன்னால் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. மே மாதம் தோழிகளோடு ஊட்டிக்குப் போய் ஆடுவதாகப் பேச்சு. அதற்குள் அந்தப் பதினைந்து கஜத்தை மீட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் வேலை முடிந்ததும் நேராகப் பயிற்சிக்குப் போவேன். வாரத்தில் ஐந்து மாலை, ஒரு மாலைக்கு 200 பந்து, பெரும்பாலும் டிரைவர். தரை, சிமெண்டின் மேல் விரித்த பாய். இடுப்பை அசையாமல் நிறுத்தி மேலுடம்பை மட்டும் முறுக்கினால் தூரம் கூடும் என்று வீடியோக்களில் பார்த்து, அப்படியே முறுக்கினேன். உண்மையில் தூரமும் கூடியது. அதனால் இன்னும் அடித்தேன்.

என் மேசையில் பல வருடமாக ஒரு உடைந்த பம்ப் ஷாஃப்ட் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருப்பது. உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால், ஓர் ஓரத்தில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றை அடுத்து ஒன்றாக, கடல் பின்வாங்கிய மணலில் அலை விட்டுப்போன தடம் போலத் தெரியும். மறுபக்கம் சொரசொரவென்று இருக்கும். வளைகோடுகள் இருக்கும் பக்கத்தில்தான் விரிசல் தொடங்கி, ஒவ்வொரு சுழற்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருக்கிறது. சொரசொரப்பான பக்கம் ஒரே நொடியில் முறிந்தது. அந்த ஷாஃப்ட் தாங்க முடியாத எடை எதையும் சுமக்கவில்லை. தாங்கக்கூடிய எடையை லட்சம் தடவை சுமந்ததில் களைத்துப்போனது. உலோகத்துக்கும் களைப்பு உண்டு என்று இருபது வருடமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன்.

விலாவில் நடப்பதும் அதே கதைதான். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பிலிருந்து கிளம்பி, ரம்பத்தின் பற்கள் போலப் பிரிந்து, மேலேயுள்ள எட்டு ஒன்பது விலாக்களில் வந்து பிடித்துக்கொள்ளும் ஒரு தசை இருக்கிறது. தோள்பட்டையை நெஞ்சுக்கூட்டோடு சேர்த்து வைத்திருப்பது அதன் வேலை. வலது கைக்காரர்களுக்கு இடது பக்கத்துத் தசை ஸ்விங் முழுக்க ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பந்துக்குப் பந்து இடைவெளி விட்டு ஆடினால் பிரச்சினை இல்லை. மணிக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் தசை தளர்ந்துவிடும். தசை தளர்ந்ததும் அது தாங்கிக்கொண்டிருந்த வளைவையெல்லாம் எலும்பு தாங்க வேண்டிவரும். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இந்த வகை விரிசல் அதிகம் வருவது இலக்கைப் பார்த்து நிற்கும் பக்கத்தில், நாலாவது முதல் ஆறாவது விலா வரை, முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் நடுவில். எனக்கு வந்தது இம்மி பிசகாமல் அதே இடத்தில்.

கேடி கேட்ட நாலு நாளில் ஒரு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எதுவும் தெரியவில்லை. தசைப்பிடிப்பு, பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்கள். புதிய விலா விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம் என்று இப்போது தெரியும், அப்போது தெரியாது. தசைப்பிடிப்புதானே என்று தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், ஆட்டத்தையும் நிறுத்தவில்லை. எங்கள் தொழிற்சாலையில் வார்ப்பில் சந்தேகம் வந்தால் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்பமாட்டோம். சிவப்புச் சாயம் தடவி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து சாயம் கசிந்து கோடாக எழும். ஒரு வார்ப்புக்குக் காட்டும் அந்தச் சந்தேகத்தை என் உடம்புக்கு நான் காட்டவில்லை. வலி குறையாமல் மூன்று வாரம் நீடித்ததே ஒரு தகவல். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் ரசத்துக்குத் தாளிக்க எண்ணெயில் போட்ட வரமிளகாய் கருகி நெடி ஏறியது. தும்மல் வந்தது. ஒரே ஒரு தும்மல். உள்ளே ஏதோ நழுவியது போல ஒரு சத்தம். காதில் கேட்டதா உடம்பில் கேட்டதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கரண்டியை விட்டுவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. பாதியில் வழி மறித்ததுபோல் நின்றது. ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிடக்கூடக் குரல் எழும்பவில்லை. அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு, அவராக வந்து பார்க்கும்வரை அப்படியே நின்றிருந்தேன்.

இந்த முறை வேறு ஒரு எலும்பு மருத்துவர். சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். திரையில் காட்டினார். ஆறாவது விலாவில் மயிரிழை போல ஒரு புதுக் கோடு. ஐந்தாவதில் கோடு இருந்த இடத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு வீக்கம், மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் பட்டை திரள்வது போல. “இது புது எலும்பு. வந்து சில வாரம் ஆயிருக்கு” என்றார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் 200, 200 என்று பந்து அடித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், எனக்குச் சொல்லாமல் அது தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளப் பாடுபட்டிருக்கிறது. என் மேசையிலிருக்கும் ஷாஃப்டுக்கு இந்த வரம் கிடையாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மருத்துவர் வலியென்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மாவுக்கட்டு உண்டா என்று கேட்டேன். விலாவுக்குக் கட்டே கிடையாது என்றார். சொந்தக்காரர்கள் விடுவார்களா? புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடு என்று மூன்று பேர் போன் செய்தார்கள். கை, கால் முறிந்தால் புத்தூர்க் கட்டு என்பது எங்கள் வீடுகளில் தலைமுறை வழக்கம். ஆங்கில மருத்துவத்திலும் ஒரு காலத்தில் விலாவைச் சுற்றி இறுக்கிப் பட்டை போடுவார்களாம். இப்போது வேண்டாம் என்கிறார்கள். காரணம் எளிமையானது. இறுக்கிக் கட்டினால் வலி குறையும், மூச்சும் குறையும். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் கிடந்தால் சளி தங்கி நிமோனியா வரும். விலா முறிவில் பயப்பட வேண்டியது எலும்பைப் பற்றி அல்ல, அதற்கு அடியில் இருக்கும் நுரையீரலைப் பற்றித்தான் என்றார் மருத்துவர்.

கால் முறிந்தால் ஊன்றாமல் இருக்கலாம். கை முறிந்தால் தூளியில் போடலாம். விலா முறிந்தால்? என் மாமியார் ஒரு கணக்குச் சொன்னார். “ஒரு நாளைக்கு 21,600 மூச்சு கண்ணு. சிதம்பரத்துல பொன்னம்பலத்துக் கூரைல அத்தன பொன்னோடு வேஞ்சிருக்காங்கம்பாங்க.” நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். சரியாக 21,600 வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உயர்ந்து தாழ்கிறது. முறிந்த பிறகும் நாளுக்கு 21,600 தடவை அசைந்துகொண்டே கூடவேண்டிய எலும்பு அது. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் ‘ஓய்வு’ என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபட்டது. அசையாமல் படுத்துக்கொள்வது இதற்கு மருந்தே இல்லை. மூச்சு என்ற அசைவு வேண்டும், அதுவும் ஆழமாக வேண்டும். முறுக்கு மட்டும் வேண்டாம்.

மருந்துக் கடையில் மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கினோம். கொரோனா காலத்தில் பலர் வீட்டில் இருந்ததுதான். குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும். முதல் பந்தின் மேல் 600, அடுத்ததில் 900, மூன்றாவதில் 1200 என்று போட்டிருக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை, பத்துப் பத்து மூச்சு. முதல் நாள் ஒரு பந்துகூடச் சரியாக எழவில்லை. பாதி தூரம் வந்து நடுங்கிவிட்டு விழுந்தது. வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடாமல், வேளை தவறாமல் போடச் சொன்னதன் அர்த்தம் அப்போது புரிந்தது. மாத்திரை எனக்குச் சுகம் தருவதற்காக அல்ல, ஆழமாக மூச்சு விடத் தைரியம் தருவதற்காக. ஐந்தாம் நாள் முதல் பந்து மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டாம் நாள் இரண்டாவது. மூன்றாவது எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கேடிக்குப் போன் செய்து சொன்னேன். “ஹோல் இன் ஒன் போட்டாப்புல சொல்றீங்க” என்றார். அப்படித்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரத்து இரவுகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மட்டமாகப் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலையில் தூங்குவேன். எழுந்திருக்க ஒரு முறை இருக்கிறது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக நகரும்படி, மரக்கட்டையை உருட்டுவது போல வலப்பக்கம் உருண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, வலக்கையை ஊன்றி எழ வேண்டும். நடுவில் உடம்பு ஒரு இழை முறுக்கிக்கொண்டாலும் உயிர் போகும். இருமல் வந்தால் ஒரு தலையணையை விலாவோடு அணைத்து அழுத்திக்கொண்டு இருமுவேன். விலா நோகச் சிரித்தோம் என்று எத்தனை தடவை எழுதியிருப்போம், பேசியிருப்போம். என் தங்கை வந்து சின்ன வயதுக் கதையெல்லாம் எடுத்துவிட்ட அன்றைக்கு, அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு நிஜமானது. போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாமியார் பின்பக்க வேலியில் படர்ந்திருந்த பிரண்டையைப் பறித்து வந்தார். எலும்பு ஒட்டும் என்று நம் ஊரில் காலகாலமாகக் கொடுப்பது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளம் கணுக்களாகப் பார்த்து ஒடித்து, நாலு பக்கமும் நாரை உரித்து, நன்றாக வதக்கி, உளுந்தும் மிளகாயும் நிறையப் புளியும் வைத்து அரைப்பார். புளியும் வதக்கலும் குறைந்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அது எலும்பை எந்த அளவுக்கு ஒட்டியது என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. ஆனால் வாய்க்கு எதுவும் பிடிக்காத அந்த வாரங்களில், சூடான சோற்றில் பிரண்டைத் துவையலைப் பிசைந்து உருண்டையாக அவர் என் தட்டில் வைத்ததை நான் மறக்கமாட்டேன். மருத்துவர் தன் பங்குக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி 20க்குக் கீழே இருந்தால் குறைவு, எனக்கு 13. வெயில் காயும் ஊரில், வெளியில் ஆடுகிற ஒருத்திக்கு எப்படி என்று கேட்டேன். விடியற்காலை ஆட்டம், முழுக்கைச் சட்டை, தொப்பி, முகத்தில் கிரீம். வெயில் என்னைத் தொட நான் விட்டதே இல்லை. வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் மாத்திரை எழுதினார். எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொன்னார். மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிய பெண்கள், அதிலும் என்னைப் போல ஏதாவது விளையாடுகிறவர்கள், எலும்பு முறியும் வரை காத்திராமல் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

ஐந்தாவது வாரம் வலி போய்விட்டது. தும்மினாலும் இல்லை. ஒருக்களித்துப் படுத்தாலும் இல்லை. தோழிகள் ஊட்டிக்குக் கிளம்பிப் போய், வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்கு டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். பந்து இல்லாமல் சும்மா வீசிப் பார்ப்போம் என்று. முதல் இரண்டு வீச்சும் மெதுவாக. ஒன்றும் இல்லை. மூன்றாவது, பழைய வேகத்தில். கிளப் கீழே இறங்கும்போதே அதே இடத்தில் அதே சுருக். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மருத்துவர் திட்டவில்லை. “வலி போறது வேற, எலும்பு கூடறது வேறம்மா” என்றார். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போல மென்மையான ஒரு பாலம் உருவாகும். அந்தப் பாலம் வந்ததும் முனைகள் உரசுவது நின்று வலி குறைந்துவிடும். ஆனால் அது கெட்டியான எலும்பாக மாற ஆறு வாரமும் ஆகும், பன்னிரண்டு வாரமும் ஆகும். அதன் பிறகும் மாதக்கணக்கில் தன்னைச் செதுக்கிக்கொண்டே இருக்கும். நான் டிரைவரை வீசியது சிமெண்ட் போட்ட மூன்றாம் நாளே பாலத்தில் லாரி விட்டது மாதிரி.

உலகத்தில் மிக நன்றாகக் கவனித்துக்கொள்ளப்படும் உடம்புகளில் ஒன்றுக்கும் இது நடந்திருக்கிறது. உலகின் முன்னணி கோல்ஃப் வீரர்களில் ஒருவரான ரோரி மெக்கில்ராய் 2017 ஜனவரியில் தென்னாப்பிரிக்க ஓபனில் முதுகு வலியோடு ஆடி, சமநிலையை முறிக்கும் பிளே ஆஃபில் கிரேம் ஸ்டார்மிடம் தோற்றார். பிறகு பார்த்தால் விலாவில் விரிசல். நைக்கி 2016இல் கிளப் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், புது கிளப்புகளைச் சோதித்துப் பார்க்க அந்தக் குளிர்காலத்தில் நிறையப் பந்துகள் அடித்திருந்தார். ஆறேழு வாரம் விலகியிருந்து மார்ச்சில் மெக்சிகோவில் திரும்பி வந்தார், நன்றாகவும் ஆடினார். மே மாதம் மறுபடியும் வலி. வென்ட்வொர்த் போட்டியிலிருந்து விலகினார். அந்த வருடம் முழுக்க ஒரு கோப்பைகூட இல்லை. கடைசியில் சில மாதம் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு மார்ச்சில் பே ஹில்லில்தான் மறுபடி ஜெயித்தார். இதையெல்லாம் அந்த வருடமே செய்தியாகப் படித்தவள்தான் நான். மாடியில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அது எனக்கான செய்தியாக ஆனது.

மருத்துவர் மேலும் மூன்று வாரம் சேர்த்தார். முறுக்கு வேண்டாம், ஆனால் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையான புட்டர் பிடிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். புட்டிங்கில் தோள் ஊஞ்சல் போல ஆடும், அவ்வளவுதான். ஹாலில் கம்பளத்தை விரித்தோம். எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்தேன். ஆறடி, எட்டடி, பத்தடி. உள்ளே போனால் டங் என்று சத்தம். ஒரு வாரத்தில், பந்து டம்ளரின் விளிம்பில் பட்டதா நடுவில் விழுந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டேன். பதினொரு வருடத்தில் புட்டிங்குக்கு என்று நான் இத்தனை மணி நேரம் கொடுத்ததே இல்லை. தூரம், தூரம் என்று டிரைவர் பின்னால் ஓடியிருக்கிறேன்.

அந்த நாட்களில் அதிதி அசோக்கைப் பற்றி நிறைய யோசித்தேன். 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்று. கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத என் மாமியார்கூட அன்று காலையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்த பெங்களூர்ப் பெண், முதலிடத்திலிருந்த நெல்லி கோர்டாவோடு பதக்கத்துக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய பையைச் சுமந்து வந்தவர் அவருடைய அம்மா. சில மாதங்களுக்கு முன் கொரோனா வந்ததில் அதிதியின் அடியில் தூரம் குறைந்துபோயிருந்தது. அவரோடு ஆடியவர்களெல்லாம் டிரைவரில் அவரைத் தாண்டி அடித்தார்கள். அவர் குட்டையாக அடித்துவிட்டு, குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையான கிரீனில் போய் நீளநீளமான புட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலம் கைநழுவி நாலாவதாக வந்தார். அன்று அவர் தோற்றதற்காக அழுதேன். நான்கு நாள் முழுக்க அவரை அங்கே நிற்க வைத்தது எது என்று அப்போது யோசிக்கவில்லை.

எட்டாவது வாரம் மருத்துவர் விலாவை முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் திரும்பச் சொன்னார். எதிலும் வலி இல்லை. அதன் பிறகு பிசியோதெரபிஸ்ட் பொறுப்பு. அந்தப் பெண் முதலில் கற்றுக்கொடுத்தது சுவரில் கை ஊன்றி நின்று, முழங்கையை மடக்காமல், இரண்டு தோள்பட்டைகளும் விலகும்படி சுவரைத் தள்ளுவது. பார்க்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். பதினைந்து தடவை செய்தால் அக்குளுக்குக் கீழே அந்த ரம்பத் தசை எரியும். அப்படி ஒரு தசை எனக்கு இருப்பதே 49 வயதில்தான் தெரிந்தது. முதுகின் மேல்பகுதி திரும்பப் பழக்கினார். ஸ்விங்கில் இடுப்பைப் பூட்டாமல் அதையும் கூடவே திரும்ப விடச் சொன்னார். இடது குதிகால் தரையை விட்டுக் கொஞ்சம் எழுந்தால் எழட்டும் என்றார். பழைய கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் தன் காலம் முழுக்க அந்தக் குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார்.

மைதானத்துக்குத் திரும்பியது ஜூன் தொடக்கத்தில். ஒரு வாரம் சிப் மட்டும், கிரீனுக்குப் பக்கத்திலிருந்து தட்டும் குட்டி அடி, ஒன்று விட்டு ஒரு நாள், இருபது பந்து. அப்புறம் குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் மட்டையில் பாதி ஸ்விங். பாயின் மேல் இல்லை, புல்லின் மேல். பந்தை டீ என்ற சின்ன முளையின் மேல் வைத்து, தரையில் கிளப் இடிக்காதபடி. மறுநாள் காலை எழுந்ததும் ஆழமாக ஒரு மூச்சு. வலி இல்லையென்றால் அடுத்த தடவை பத்துப் பந்து கூட. லேசாக இருந்தால் அதே அளவு. பத்தாவது வாரம் நடுத்தர தூரத்துக்கான ஏழாம் நம்பர் அயர்ன். பன்னிரண்டாவது வாரம் முடிந்த பிறகுதான் டிரைவரின் உறையைக் கழற்றினேன். கேடி அண்ணன் சட்டைப் பையில் எண்ணிக்கையாகப் பந்து கொண்டுவருவார். முடிந்ததும் கையை விரித்துக் காட்டிவிடுவார். இன்னும் ஐந்து என்று கேட்டாலும் கிடைக்காது.

ஜூலைக் கடைசியில் ஒன்பது ஹோல் ஆடினோம். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரைப் போட்டு உலுக்கும் பருவம். மேற்கே மலை முழுக்க மேகம், இங்கே துளி மழை இல்லாமல் காற்று மட்டும். மயில்கள் தோகையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுச் சாய்ந்து நடந்துகொண்டிருந்தன. எதிர்காற்றில் ஒரு பார் நாலு ஹோல், அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய குழி. டீயில் நின்றதும் கை தானாக டிரைவரைத் தேடியது. பழைய நானாக இருந்தால் இந்தக் காற்றுக்கு இன்னும் ஓங்கி அடித்திருப்பேன்.

கேடி அண்ணன் டிரைவரைவிடக் குறைந்த தூரம் போகும் ஐந்தாம் நம்பர் வுட்டை எடுத்து நீட்டினார்.

“இந்தக் காத்துக்கு ஓங்கி அடிச்சா பந்து மேல ஏறி அங்கயே நின்னுக்குமுங்க. மெதுவா அடிங்க, அடிலயே போவும்.”

வாங்கிக்கொண்டேன். மூச்சை இழுத்து, வெளியே விட்டபடியே கிளப்பைத் தூக்கினேன். குதிகால் எழுந்தது. விலாவில் எதுவும் இல்லை. பந்து தாழப் பறந்து, காற்றுக்குக் கீழே புகுந்து, 130 கஜத்தில் உருண்டு நின்றது. அங்கிருந்து இன்னொரு வுட், ஒரு சிப். கிரீனில் ஏழடி மிச்சம். அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏழடி எனக்கு மனப்பாடம், ஹாலில் சோபாவிலிருந்து டம்ளர் வரை உள்ள தூரம். உள்ளே விழுந்தது.

“நாலுங்க” என்றார். கார்டில் எழுதிக்கொண்டு அடுத்த டீக்கு நடந்தோம்.